நம்மைச் சும்மா விடாத நண்பர்களுக்கு நன்றி

வெண்கொக்கு:

ரொம்ப நாளாகத் தொடங்க நினைத்த இழை இது. தட்டிக்கொடுத்ததோடு நிற்காமல், தேவைப்பட்ட நேரத்தில் தட்டிக்கேட்கவும் செய்த நண்பர்களைப் பற்றிப் பேசலாமா? "நல்ல நண்பர், எப்போதும் துணை நின்றார்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அவர் என்ன சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார், சொன்ன பிறகு என்ன செய்தார் என்று விவரமாக எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் நன்றி சொன்னது போல இருக்கும்.

நானே ஆரம்பிக்கிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேசுவது என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆனால் என் வேலையே அப்படி நின்று விளக்குகிற வேலை. கல்லூரிக் காலத்திலிருந்து கூட இருக்கும் தோழி ஒருத்தி, தன்னால் முடிந்தபோதெல்லாம் நான் பேசும் இடத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். முன்வரிசையில் உட்காரேன், உன் முகத்தைப் பார்த்தால் தைரியமாக இருக்கும் என்று கேட்டேன். "கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று அப்புறம் யார் பார்ப்பது?" என்றாள்.

பேசி முடித்ததும் நாலாக மடித்த ஒரு தாள் என் கைக்கு வரும். முதலில் எது எடுபட்டது, அடுத்து எது எடுபடவில்லை, கடைசியில் ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஒரு தாளில் இப்படி இருந்தது: "அந்த விபத்தைப் பற்றிச் சொன்னபோது அறை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன்பின் நீ திரையைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாய், என் பக்கத்தில் இருந்தவர் கைபேசியை எடுத்துவிட்டார். உனக்குத் தெரிந்ததை எதற்குப் படிக்கிறாய்?"

அந்தத் தாளோடு அவள் விட்டிருந்தால் நான் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டுப் பழையபடியே பேசியிருப்பேன். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். கணினியை மூடச் சொன்னாள். பக்கத்து அறைக்குப் போய் நின்றுகொண்டு, "இப்போது சொல்லு, எனக்குக் கேட்கிற மாதிரி" என்றாள். இருட்டும் வரை நடந்தது. குறையைச் சொல்வது யாராலும் முடியும். சொன்ன பிறகு நம்மோடு உட்கார்ந்து அந்த வேலையில் கையை வைப்பவர்களுக்குத்தான் இந்த இழை.

---

தூரத்துமேகம்:

அருமையான இழை அக்கா. இதைப் படித்ததும் எனக்கு டார்வினும் ஹூக்கரும் நினைவுக்கு வந்தார்கள். இந்த நட்பைப் பற்றி நம் பக்கம் அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜோசப் ஹூக்கர் தாவரவியலாளர். டார்வினை விட 8 வயது இளையவர். தென்துருவக் கடல் பயணம் முடிந்து 1843-இல் ஊர் திரும்பியிருந்தார். 1844 ஜனவரியில் டார்வின் அவருக்கு எழுதிய கடிதத்தில்தான், உயிரினங்கள் மாறாதவை அல்ல என்ற தன் எண்ணத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்று எழுதுகிறார். ஹூக்கர் உடனே தலையாட்டிவிடவில்லை. சிரித்து ஒதுக்கவும் இல்லை. ஆதாரங்களைக் கேட்டார், தாவரங்களைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொடுத்தார், ஏற்காத இடங்களில் ஏற்கவில்லை என்றே எழுதினார்.

அடுத்த ஆண்டு இன்னொரு எழுத்தாளரைப் பற்றிப் பேசும்போது ஹூக்கர் ஒரு கருத்தைச் சொன்னார்: பல உயிரினங்களை நுணுக்கமாக ஆராய்ந்து விவரிக்காத ஒருவருக்கு, உயிரினம் என்றால் என்ன என்ற கேள்வியைத் தொடவே பெரிதாக உரிமை இல்லை. அது டார்வினைக் குறிவைத்துச் சொன்னது அல்ல. ஆனால் டார்வின் அதைத் தன்மேல் எடுத்துக்கொண்டார். இது எனக்கு வலிக்கும் அளவுக்கு உண்மை என்று பதில் எழுதினார்.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற சின்னக் கடலுயிரியை எடுத்துக்கொண்டார். 1846-இல் தொடங்கிய வேலை 1854 வரை போனது. 8 ஆண்டுகள், 4 தொகுதிகள். அந்த வேலைக்காக 1853-இல் ராயல் சொசைட்டியின் பதக்கமும் கிடைத்தது. இந்த வேலையில் அவர் இறங்கியதற்குக் காரணம் ஹூக்கர் சொன்னது மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பரிணாமம் பற்றிய நூல் 1859-இல் வெளிவந்தபோது, இவருக்கு உயிரினங்களைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று யாரும் எளிதில் கேட்க முடியவில்லை.

அக்கா சொன்ன "கையை வைப்பது" இங்கேயும் உண்டு. டார்வினின் கைப்பிரதியை 1847-இல் படித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர் ஹூக்கர். 1858-இல் அதே எண்ணத்தைத் தானாகவே எட்டியிருந்த வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளரின் கட்டுரை வந்து டார்வின் கலங்கி நின்றபோது, இருவர் எழுத்தையும் ஒரே கூட்டத்தில் படிக்க, புவியியலாளர் லயலோடு சேர்ந்து ஏற்பாடு செய்தவரும் ஹூக்கரே. இந்த நட்பு டார்வின் 1882-இல் இறக்கும் வரை தொடர்ந்தது.

---

ஒற்றைப்பனை:

இழையின் நோக்கம் புரிகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போக மனமில்லை.

"நான் முகத்துக்கு நேரே சொல்பவன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நண்பரோடு நான் பல வருடம் பழகினேன். எதைக் காட்டினாலும் ஒரு குத்தல். புது வேலை கிடைத்தது என்றால் "அங்கே எத்தனை நாள் தாங்குவாய் பார்க்கலாம்". உடல் இளைக்க ஓடத் தொடங்கினேன் என்றால் "எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள்". நாலு பேர் இருக்கும்போதுதான் இதெல்லாம் வரும். கேட்டால் "உன் நல்லதுக்குத்தான்" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, நட்பு என்றால் இதையும் தாங்க வேண்டும் என்று. விலகிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால் தட்டிக்கேட்கும் நண்பர்களைப் போற்றுவதைப் படிக்கும்போது எனக்கு ஒரு பயம் வருகிறது. இப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்துவிட்டு, சரி, நாம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும் போல என்று நினைத்துவிடக் கூடாது. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

---

வெண்கொக்கு:

நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. இது இல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

என் தோழியை வைத்துச் சொல்கிறேன். அவள் தாள் என் கைக்குத் தனியாக வந்தது. மடித்து வந்தது. பேச்சைப் பற்றி மட்டுமே இருந்தது; "உனக்குப் பேச வராது" என்று ஒரு நாளும் எழுதியதில்லை. நீங்கள் சொன்னவர் நாலு பேர் முன்னால் சொன்னார், உங்களைப் பற்றிச் சொன்னார், சொன்னதோடு போய்விட்டார். இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

---

மணிச்சிட்டு:

நான் ஆசிரியை. பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தியே பாதி வாழ்க்கை போயிற்று. அதனால் ஒற்றைப்பனை சாரின் கேள்வி எனக்கு நெருக்கமானது.

1996-இல் குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், பின்னூட்டம் கொடுத்தால் மக்கள் உண்மையில் மேம்படுகிறார்களா என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 600-க்கும் மேற்பட்ட முடிவுகள். சராசரியாகப் பார்த்தால் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில், பின்னூட்டம் கிடைத்த பிறகு செயல்பாடு குறைந்திருந்தது! அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம் இது: கவனம் வேலையை விட்டு, அந்த ஆளின் மேல், அவரது தன்மதிப்பின் மேல் போகப் போகப் பலன் குறைகிறது. "மூன்றாவது பத்தி நீளம்" என்றால் பத்தியைச் சுருக்குவேன். "நீ எப்போதும் வளவளதான்" என்றால் எதைச் சுருக்குவது?

இன்னொன்று. 2014-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. டேவிட் யீகர் என்பவரும் கூட்டாளிகளும் செய்தது. நடுநிலைப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். பாதிப் பேருக்குக் கூடவே ஒரு சிறு குறிப்பு வைத்தார்கள். உன்மேல் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது, உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இதையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்ற பொருளில். மற்றவர்களுக்குப் பொதுவான ஒரு குறிப்பு. கறுப்பின மாணவர்களில், பொதுக் குறிப்பு பெற்றவர்களில் 17 சதவீதம் பேர்தான் கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுத்தார்கள். அந்த இன்னொரு குறிப்பைப் பெற்றவர்களில் 72 சதவீதம். திருத்தத்தின் கடுமையில் மாற்றமில்லை. எதற்காகத் திருத்துகிறார் என்பது தெளிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

அது வகுப்பறை, இது நட்பு என்பது தெரியும். ஆனால் எனக்குக் கிடைத்த நல்ல நண்பர்கள் எல்லோரும் அந்தக் குறிப்பை வாயால் சொல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குறை சொல்லும்போது அவர்கள் மனதில் இருந்தது நான் எட்டப்போகும் உயரம். ஒற்றைப்பனை சாரின் நண்பர் அவருடைய தோல்வியை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். விலகியது சரியே.

---

கரைமேட்டான்:

இடித்துச் சொல்வது நட்பின் கடமை என்று 784-ஆம் குறள் சொல்வது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது புறநானூற்றில் இருக்கும் இரண்டு இடங்கள்.

கோப்பெருஞ்சோழன் என்றதும் பிசிராந்தையாரோடு கொண்ட நட்புதான் பேசப்படுகிறது. எனக்கு அதே கதையில் வரும் புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார்தான் முக்கியம். பெற்ற பிள்ளைகள் எதிர்த்து நிற்க, அவர்கள்மேல் சோழன் படையெடுத்துக் கிளம்பிவிட்டான். அப்போது எயிற்றியனார் போய் நிற்கிறார் (213-ஆம் பாட்டு). எதிரில் வந்திருப்பவர்கள் பகைவர் அல்ல, உனக்குப் பின் நாட்டை ஆளப்போகிறவர்கள். நீ வென்றால் இந்த நாட்டை யாரிடம் விட்டுப்போவாய், நீ தோற்றால் உன்னை இகழ்பவர்கள் மகிழ்வார்களே என்று கேட்கிறார். வாளை எடுத்துக்கொண்டு நிற்கும் அரசனிடம் கேட்கும் கேள்வியா இது! ஆனால் கேட்டார். போர் நின்றது.

இன்னொன்று பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று புகழ்கிறோம். அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் ஆளுக்கு ஆள் போய்ச் சொன்னார்கள். பரணர் பாட்டில், பசித்து வரவில்லை, எங்களுக்குக் காப்பாற்ற வேண்டிய சுற்றமும் இல்லை, இன்றிரவே நீ போய் அவள் துயரைத் தீர்ப்பதே எங்களுக்குப் பரிசில் என்கிறார். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பேசுகிறார் பாருங்கள்.

---

ஒற்றைப்பனை:

கரைமேட்டான் ஐயா, நல்ல இடங்கள். ஆனால் அவர்கள் நண்பர்களா, அரசனை நம்பி வாழ்ந்தவர்களா? இரண்டும் வேறு.

---

கரைமேட்டான்:

தம்பி, சரியான கேள்வி. அவர்கள் வாழ்வு அரசன் கொடுப்பதில்தான் இருந்தது, மறுக்கவில்லை. அதனால்தான் என் கண்ணில் அந்தச் சொல்லின் எடை கூடுகிறது. சொல்பவருக்கு இழக்க ஏதாவது இருக்க வேண்டும். உன்னிடம் ஒன்றைச் சொன்னால் உன் நட்பே போய்விடலாம் என்று தெரிந்தும் ஒருவர் வந்து சொல்கிறார் என்றால், அவர் அதற்கு முன் இரண்டு இரவாவது தூங்கியிருக்க மாட்டார். நீ சொன்ன அந்த நண்பருக்கு உன்னைக் குத்துவதில் எந்த இழப்பும் இல்லை. சபையில் சிரிப்பு கிடைத்தது, லாபம்தான்.

---

இளவேனில்:

எல்லோரும் சொல்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள். சொல்லாமல் இருந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

என் தோழி எதையும் தள்ளிப்போட விடமாட்டாள். நாங்கள் இருவரும் மேற்படிப்புக்குச் சேர்ந்தே தயாரானோம். "இந்த வாரம் எத்தனை பாடம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தச் சமயத்தில் என் அப்பா போய்விட்டார். படிப்பை மூடி வைத்தேன்.

அவள் ஒவ்வொரு ஞாயிறும் அழைத்தாள். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா எப்படி இருக்கிறார், இரவு தூங்கினாயா, வங்கி வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா, நான் வந்து வரிசையில் நிற்கட்டுமா என்று மட்டும். அவள் தேர்வு எழுதி முடித்ததைக்கூட நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னாள். மற்றவர்கள் எல்லாம் "அப்பாவுக்காகவாவது படி" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு அழுகைதான் வரும்.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு நானே ஒரு பாடத்தில் ஏதோ சந்தேகம் கேட்டேன். அவள் பதில் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "விண்ணப்பம் அடுத்த மாதம் முடிகிறது. நீ தயார் என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு எப்படித் தோன்றுகிறது?" என்றாள். தன் குறிப்பேடுகளை எல்லாம் ஏற்கெனவே எனக்காக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள் என்பது அப்புறம் தெரிந்தது. எனக்குக் கடினமான பாடங்களின் ஓரத்தில் என் பெயரை எழுதி, "இதை அவளுக்கு எடுத்துக்காட்டோடு சொல்ல வேண்டும்" என்று குறித்திருந்தாள். நான் படிக்கப் போவேனா என்றே தெரியாத நாட்களில் எழுதியது.

எப்போது சொல்வது என்று அறிந்தவர்களால்தான் நாம் வளர்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் மட்டும் அந்த முதல் மாதங்களில் என்னை உந்தியிருந்தால், நான் படிப்பையும் விட்டிருப்பேன், அவளையும் விட்டிருப்பேன்.

---

வெண்கொக்கு:

இளவேனில், ஓரத்தில் பெயர் எழுதி வைத்த அந்தக் குறிப்பேடு என் மனதை விட்டுப் போகவில்லை. அவரிடம் இதைச் சொன்னீர்களா?

---

இளவேனில்:

"தேங்க்ஸ்" என்று சொன்னேன் அக்கா. இங்கே எழுதின மாதிரி இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமோ என்று ஒரு தயக்கம்.

---

தூரத்துமேகம்:

அந்தத் தயக்கத்தையே ஆராய்ந்திருக்கிறார்கள் இளவேனில். 2018-இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர், ஆட்களிடம் நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கடிதம் பெறுபவருக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும், எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று முன்பே கணிக்கவும் சொன்னார்கள். பெற்றவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் மகிழ்ச்சியைக் குறைத்தும் சங்கடத்தைக் கூட்டியும் கணித்திருந்தார்கள். எழுதுபவர், வார்த்தை சரியாக வந்ததா என்று கவலைப்படுகிறார். பெறுபவருக்கோ அந்த அன்புதான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன். ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய சார்பியல் கட்டுரையில் மேற்கோள் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. ஆனால் கடைசி வாக்கியத்தில் ஒரே ஒருவருக்கு நன்றி இருக்கிறது: மிக்கேலே பெஸ்ஸோ. பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் கூட வேலை பார்த்த நண்பர். இந்தச் சிக்கலில் என்னோடு உறுதியாக நின்றார், மதிப்புமிக்க பல யோசனைகள் தந்தார் என்று எழுதியிருக்கிறார். இருவரும் பேசிப் பேசி, கேள்வி கேட்டுத் தெளிந்தவர்கள். பெஸ்ஸோ அந்தக் கோட்பாட்டை எழுதவில்லை. எழுதியவருக்கு எதிரே உட்கார்ந்து விடாமல் கேட்டவர். அந்த ஒரு வாக்கியத்தை ஐன்ஸ்டைன் எழுதாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதினார்.

இங்கே நீங்கள் எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

---

புதுத்தளிர்:

எல்லாவற்றையும் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு ஏக்கம். எனக்கு இப்படி ஒருவரும் இல்லை. பள்ளி நண்பர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். இப்போது பழகுபவர்கள் எல்லாம் நல்லவர்கள், சிரித்துப் பேசுவோம், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வோம், அதற்குமேல் போவதில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு இப்படி ஒரு நட்பு கிடைக்குமா?

---

மணிச்சிட்டு:

கிடைக்கும் தம்பி. ஆனால் நேரம் பிடிக்கும். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018-இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். சாதாரணப் பழக்கமாவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி, நண்பர் என்று சொல்ல 90 மணி, நெருங்கிய நண்பர் என்றால் 200 மணிக்கும் மேல். வேலையிடத்தில் சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் வரவில்லையாம். வருடக்கணக்கில் பக்கத்து மேசையில் இருப்பவர் அந்நியராகவே இருப்பது இதனால்தான்.

மணிக்கணக்கை விடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நாம் பொதுவாக ஒருவரிடம் எதையாவது காட்டி "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறோம். அதற்கு "நன்றாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? "இதில் எந்த இடத்தில் உங்களுக்குச் சலிப்புத் தட்டியது?" என்று கேட்டுப் பாருங்கள். குறை சொல்ல அனுமதி கொடுத்துவிட்டீர்கள், எங்கே தேட வேண்டும் என்றும் காட்டிவிட்டீர்கள். பலர் சொல்லாமல் இருப்பது அக்கறை இல்லாமல் அல்ல. சொல்ல வழி தெரியாமல்.

இன்னொன்று, அவர்களுக்கு ஒரு நல்லது நடக்கும்போது "வாழ்த்துகள்" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகாதீர்கள். எப்படி நடந்தது, முதலில் யாரிடம் சொன்னீர்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004 முதல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: நல்ல செய்தியை நாம் ஆர்வமாகக் கேட்கும் விதத்தோடு உறவின் நெருக்கம் சேர்ந்தே போகிறது. நம் மகிழ்ச்சியில் பங்கு கேட்டவர் நம் குறையைச் சொன்னால் காது கொடுக்கிறோம். வெறும் குறையோடு வருபவருக்குக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

---

ஒற்றைப்பனை:

எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையல்ல. எனக்கும் ஒருவர் இருக்கிறார். என்னை விட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எல்லோரும் "சபாஷ், துணிந்து இறங்கு" என்றார்கள். அவர் ஒரு தாளை எடுத்து, "மாதச் செலவை எழுது" என்றார். எழுதினேன். வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து, பழைய கடன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விரலை ஓரிடத்தில் வைத்தார். "இரண்டாம் வருடம் எதில் சாப்பிடுவாய்?" பதில் இல்லை. "படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் தள்ளிப் போ. அந்த ஒரு வருடத்தில் இந்தக் கட்டத்தை நிரப்பு" என்றார்.

அன்று எனக்குப் பிடிக்கவே இல்லை. ஊக்கம் தருவார் என்று போனேன், கணக்கு கேட்கிறாரே என்று இருந்தது. ஆனால் அந்த ஒரு வருடம் முழுக்க, மாதக் கடைசியில் அவரே அழைத்து "கட்டம் எவ்வளவு நிரம்பியது?" என்று கேட்டார். படிக்கச் சேர்ந்த பிறகு தேர்வு வாரங்களில் என் பகுதிநேர வேலையின் இரவு முறையை எனக்குப் பதிலாகத் தானே போய்ப் பார்த்தார். அந்த இடத்தில் பேசி ஒப்புதல் வாங்கியதும் அவர்தான். நான் கேட்கவில்லை.

துணிந்து இறங்கு என்று சொன்னவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் என் இரண்டாம் வருடத்தைப் பற்றி யோசித்தவர் அவர் ஒருவர். வெண்கொக்கு கேட்ட அந்த "சொன்ன பிறகு என்ன செய்தார்" என்ற கேள்விக்கு இவரைத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு இந்தப் பக்கத்தை அனுப்பப் போகிறேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார், அது பரவாயில்லை.

---

இளவேனில்:

அனுப்பிவிட்டேன் தூரத்துமேகம். உடனே அழைத்தாள். அந்தக் குறிப்பேட்டின் ஓரத்தை நான் பார்த்தேன் என்பதே அவளுக்குத் தெரியாதாம். ரொம்ப நேரம் பேசினோம். அப்பாவைப் பற்றியும் பேசினோம், முதல்முறையாக.

---

புதுத்தளிர்:

மணிச்சிட்டு அக்கா, நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். அலுவலகத்தில் ஒரு தோழி, என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். நான் எழுதிக்கொண்டிருக்கும் அறிக்கையைக் கொடுத்து, "எந்த இடத்தில் சலித்தது?" என்று கேட்டேன். வாங்கி வைத்தார். இரண்டு நாள் கழித்து நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போட்டுத் தந்தார். முதல் பக்கம் முழுவதையும் எடுத்துவிடலாம் என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, தான் ஒரு நேர்முகத் தேர்வுக்குத் தயாராவதாகவும், கேள்விகள் கேட்டுப் பழக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார். சரி என்றேன். நாளை வேலை முடிந்து உட்காரப் போகிறோம்.

ஒரு சந்தேகம். முதல் பக்கத்தை எடுக்கச் சொன்னது எனக்குச் சரியென்று படவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

---

மணிச்சிட்டு:

சந்தோஷம் தம்பி! நாளைக்கு அதைப் பேச வேண்டாம், நாளை அவருடைய நாள். அவர் பதில்களை நன்றாகக் கேளுங்கள், எது தெளிவாக இருந்தது, எங்கே சுற்றி வளைத்தார் என்று குறித்துக் கொடுங்கள்.

உங்கள் முதல் பக்கத்துக்கு வேறொரு நாள் போங்கள். "அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, அந்தப் பக்கம் எதற்காக வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்தது பக்கத்தில் இல்லாமல் உங்கள் மனதில் மட்டும் இருக்கலாம். அப்படியென்றால் எழுதிச் சேர்த்துவிடலாம். இல்லை, பக்கத்திலேயே இருக்கிறது, அவர் பார்வை வேறு என்றால், உங்கள் முடிவே இருக்கட்டும். கேட்டுவிட்டோம் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. நல்ல நண்பர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மற்ற இடங்களில் என்ன மாற்றினீர்கள் என்று மறக்காமல் காட்டுங்கள்.